இடமாறி விளையும் எலும்பு

மனித உடலிலே மிகவும் அடக்கமான உறுப்பு எதுவென்று வினவினால், எலும்பு என்றே விடை கூறல் வேண்டும். கண் காண்பதும் நா பேசுவதும் பிறர் அறிய நிகழ்கின்றன. எலும்போ தோலுக்கும் தசைக்கும் உள்ளே மறைந்து நின்று, உடலைத் தாங்கும் கடமையை ஓசையின்றிச் செய்துவருகின்றது. அது தன் எல்லையை மீறுவதுமில்லை. தொடையெலும்பு தொடைத் தசைக்குள்ளே கிளை விடுவதில்லை. விலா எலும்பு முதுகுத் தசையோடு ஒட்டிக்கொள்வதில்லை. இவ்வொழுங்கு யாவர்க்கும் இயல்பாகவே தோன்றும். ஆயினும், இயல்பாகத் தோன்றும் ஒன்று எவ்வாறு இயல்பாயிற்று என்று கேட்பதே விஞ்ஞானத்தின் தொடக்கமாகும். எலும்பு தனக்குரிய இடத்தில் மாத்திரம் விளைவது ஏன்? அவ்வொழுங்கு தவறித் தசையிலும் தசைநாணிலும் எலும்பு விளையுமாயின் அதற்குக் காரணம் யாது? இவ்விரு வினாக்களுமே இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் எலும்பு எப்பொருள்களால் ஆயது என்று காண்போம். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை, அடுக்களையே போதும். கோழியின் காலெலும்பு ஒன்றைச் சுத்தஞ் செய்து, வினாகிரி நிறைந்த போத்தலில் இட்டு, இடையிடையே வினாகிரியை மாற்றிச் சில நாட்கள் வைத்திருந்து எடுத்துப் பாருங்கள். எலும்பின் உருவம் மாறியிராது. ஆனால் அது இறப்பரைப் போல வளையும். வேறோர் எலும்பை நெருப்பிலிட்டு நன்றாக எரித்துப் பாருங்கள். அதன் உருவமும் மாறியிராது. ஆனால் விரலால் அழுத்தியவுடன் நொறுங்கும். எனவே எலும்பு இரு பொருள்களின் கூட்டு என்பது புலனாகின்றது. நெருப்பு எரித்துவிட்டது கொலாசன் என்னும் புரத நாரை. வினாகிரியிலுள்ள அமிலம் கரைத்துச் சென்றது கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த கனியுப்பை. இவ்வுப்புக்கு ஐதரொட்சி அப்பற்றைற்று என்று பெயர். பத்துக் கல்சியம், ஆறு பொசுபேற்று, இரண்டு ஐதரொட்சைல் என்ற கணக்கில் அமைந்த நுண்ணிய பளிங்கு அது. கட்டடம் கட்டுவோர் கம்பியைப் பிணைத்து அதன்மேல் கொங்கிறீற்று இடுகின்றார்கள். உடலும் முதலில் கொலாசன் நாரைப் பின்னி, அதன்மேல் இப்பளிங்கைப் படியச் செய்கின்றது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே இருக்கின்றது.

எஞ்சிய ஒரு பங்கு இரத்தத்திலும் இழையங்களிலும் உள்ளது. இங்கேதான் ஒரு புதிர் எழுகின்றது. கொலாசன் எலும்புக்கு மாத்திரம் உரியதன்று. தோலிலும் தசைநாணிலும் அதுவே இருக்கின்றது. கல்சியமும் பொசுபேற்றும் இரத்தத்தோடு எங்கும் ஓடுகின்றன. பளிங்கு ஓரிடத்தில் தோன்றிவிட்டால், அது மேலும் வளர்வதற்குப் போதிய அளவில் அவை அங்கு உள்ளன. அவ்வாறாயின் உடல் முழுவதும் கல்லாகாமல் இருப்பது எங்ஙனம்?

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரை நாள்தோறும் காய்ச்சும் கேத்தலின் அடியில், வெண்மையான படிவு ஒன்று தடித்து வருவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். நீரில் கரைந்திருந்த சுண்ணம் அவ்வாறு படிகின்றது. தொழிற்சாலைகளில் இத்தகைய படிவைத் தடுப்பதற்கு நீரோடு ஒருவகைப் பொசுபேற்றுச் சேர்வையைச் சிறிதளவு கலப்பது வழக்கம். சுவிற்சர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளரான ஹேர்பேட் பிளைஷ் என்பார் இதனை மனத்திற்கொண்டு, உடலிலும் இத்தகைய ஒரு காவற்பொருள் இருத்தல் வேண்டும் என எண்ணினார். 1960 ஆம் ஆண்டுகளில் அவரும் அவருடைய துணைவர்களும் சிறுநீரிலும் இரத்தத்திலும் அப்பொருளைக் கண்டனர். அது பைரோபொசுபேற்று, இரண்டு பொசுபேற்றுக்கள் கைகோத்து நிற்கும் எளிய சேர்வை. வளரத் தொடங்கும் பளிங்கின் மேல் அது ஒட்டிக்கொண்டு மேலும் வளரவிடாது தடுக்கின்றது.

காவலன் எங்கும் நின்றால் எலும்பு உருவாவதுதான் எவ்வாறு? இதற்கான விடையின் முதற்பாதி முன்னரே கிடைத்திருந்தது. 1923 ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் றொபேட் றொபிசன் என்னும் உயிரிரசாயன அறிஞர், வளரும் எலும்பிலும் கசியிழையத்திலும் பொசுபேற்றுச் சேர்வைகளைப் பிளக்கும் நொதியம் ஒன்று மிகுந்திருப்பதை வெளியிட்டார். காரப் பொசுபற்றேசு என இன்று வழங்கும் அந்நொதியம், எலும்பு எழும் இடத்தில் பைரோபொசுபேற்றைப் பிளந்து காவலை நீக்கிவிடுகின்றது. காவல் நீங்கிய இடத்தில் மாத்திரம் பளிங்கு படிகின்றது. இவ்வாறு படிய வேண்டிய இடத்தில் படியவும், படியத் தகாத இடத்தில் படியாதிருக்கவும் உடல் ஓயாது பாடுபடுகின்றது.

இனி ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ளல் வேண்டும். முதுமையில் இரத்தக் குழாய்களில் சுண்ணம் படிவதுண்டு. அது பெரும்பாலும் கேத்தலின் அடியிற் படிந்த படிவை ஒத்தது, வெறும் உப்பு. தசைக்குள்ளே உண்மையான எலும்பே விளைவது அதனின் வேறானது. அவ்வெலும்பில் உயிருள்ள கலங்கள் உண்டு; இரத்தக் குழாய்கள் உண்டு; உள்ளே மச்சையும் உண்டு. நுணுக்குக்காட்டியில் நோக்கினால் அதில் யாதொரு குறையும் தோன்றாது. எலும்பு என்ற வகையில் அது நல்ல எலும்பே. இருக்கும் இடமே தவறு. உப்புப் படிவதற்குக் காவல் தளர்ந்தால் போதும். ஆனால் கலங்கள் கூடி, கசியிழையம் அமைத்து, அதனை எலும்பாக மாற்றுவதற்கு எங்கிருந்தோ ஓர் ஏவல் வரவேண்டும். அந்த ஏவல் யாது?

அதனைக் கண்டறிந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் அஞ்சலிஸ் பிரிவிற் பணியாற்றிய மார்ஷல் யூரிஸ்ற் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். அவர் செய்ததும் ஏறத்தாழ மேற்கூறிய வினாகிரிப் பரிசோதனையே. வினாகிரிக்குப் பதிலாக ஐதரோகுளோரிக்கமிலத்தைக் கொண்டு எலும்பின் உப்பு முழுவதையும் நீக்கினார். எஞ்சிய மென்மையான பொருளை முயல், எலி முதலிய பிராணிகளின் தசைக்குள் வைத்துத் தைத்தார். சில வாரங்கள் சென்றபின், அத்தசைக்குள்ளே புதிய எலும்பு விளைந்திருந்தது! உப்பை இழந்து இறந்துபோன எலும்புத் துண்டு, உயிருள்ள தசையின் கலங்களை நோக்கி, எலும்பாகுங்கள் என்று ஆணையிட்டிருந்தது. 1965 ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. அந்த ஆணையைத் தாங்கி நின்ற பொருளுக்கு, என்புருவாக்கப் புரதம் என்னும் பொருள்படும் பெயரை அவர் 1971 இல் வழங்கினார். 1988 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அப்புரதங்களுக்குரிய பரம்பரையலகுகளைப் பிரித்தெடுத்தமையால், அது ஒன்றன்று, ஒரு குடும்பம் என்பது தெளிவாயிற்று.

இக்கண்டுபிடிப்பின் பயன் பெரிது. அச்சமூட்டும் ஓர் உண்மையையும் அது வெளிப்படுத்திற்று. நம் தசைகளுக்குள்ளே, ஏவல் கிடைத்தால் எலும்பாக மாறவல்ல கலங்கள் எப்பொழுதும் காத்திருக்கின்றன. கடுங் காயங்களின் பின்னர் இது வெளிப்படுவதுண்டு. முதலாம் உலக மகாயுத்தத்தில் முள்ளந்தண்டில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்த போர்வீரர்களின் இடுப்பு மூட்டையும் முழங்காலையும் சுற்றி எலும்பு வளர்ந்திருந்ததை, பிரான்சிய வைத்தியரான ஒகஸ்ரா தெஜெரின்-குளும்ப்கே அம்மையாரும் சேயியே என்பாரும் 1918 இல் விவரித்தனர். கொடிய தீக்காயத்தின் பின்னரும், வெடியால் அவயவம் இழந்தோரிடத்தும், இடுப்பு மூட்டை மாற்றும் சத்திரசிகிச்சையின் பின்னரும் இவ்வாறு நிகழ்வதுண்டு. ஆயினும் இவை ஒரு காலத்தில் ஓய்ந்துவிடுகின்றன. இயக்கத்தைத் தடுக்கும் எலும்பை, அது முற்றி அடங்கியபின் சத்திரசிகிச்சையால் நீக்கவும் கூடும்.

ஓயாத ஒரு வகையும் உண்டு. 1736 ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துச் சத்திரசிகிச்சையாளரான ஜோன் பிறீக் என்பார், முதுகெங்கும் வீக்கங்கொண்ட ஏறக்குறைய பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி இலண்டன் றோயல் கழகத்துக்கு எழுதினார். அச்சிறுவனின் முதுகில் எலும்பு பவளம் போலக் கிளைவிட்டிருந்தது. வைத்தியர்கள் இலத்தீன் மொழியில் பைபுரோடிஸ்பிளேசியா ஒசிபிக்கன்ஸ் புரோகிறெசிவா என்று இதற்கு நீண்ட பெயர் இட்டிருக்கின்றார்கள். தசை முதலியன படிப்படியாக எலும்பாகும் நோய் என்பது அதன் கருத்து. இது மிக அரிய நோய். இருபது இலட்சம் பேருக்கு ஒருவர் என்பது நெடுங்காலம் வழங்கிய கணக்கு. பத்து இலட்சத்துக்கு ஒருவர் எனப் பிற்கால ஆய்வுகள் சில காட்டுகின்றன.

இந்நோயின் போக்கை ஹரி ஈஸ்ற்லக் என்னும் அமெரிக்கரின் வாழ்க்கை விளக்குகின்றது. 1933 இல் பிறந்த அவர் நான்காவது வயதில் காலெலும்பை முறித்துக்கொண்டார். முறிவு செவ்வையாகப் பொருந்தவில்லை. அதன்பின் இடுப்பும் முழங்காலும் இறுகத் தொடங்கின. தவறான இடத்தில் விளைந்த எலும்பை நீக்க வைத்தியர்கள் பன்முறை முயன்றனர். வெட்டிய இடமெல்லாம் முன்னிலும் மிகுதியாக எலும்பு விளைந்தது. முதுகு, கழுத்து, தோள், தாடை என ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. இறுதியில் உதடுகளை மாத்திரமே அவரால் அசைக்க முடிந்தது. நாற்பது வயது நிரம்பச் சில நாட்கள் இருக்கையில், 1973 நவம்பரில் நியுமோனியாவினால் அவர் காலமானார். தம் உடலை ஆராய்ச்சிக்கு வழங்குமாறு அவரே கூறிவைத்திருந்தார். பிலடெல்பியா நகரத்து மூட்டர் நூதனசாலையில் அவருடைய எலும்புக்கூடு இருக்கின்றது. ஏனைய எலும்புக்கூடுகளைக் கம்பியாற் பிணைத்தே நிறுத்தல் வேண்டும். அவருடையதோ பெரும்பாலும் தானே ஒன்றாய்ப் பிணைந்து நிற்கின்றது.

இத்தகைய கொடுமையின் மூலகாரணம் எவ்வளவு சிறியது என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகின்றது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து அயிலீன் ஷோர் அம்மையாரும் பிரெடெரிக் கப்லனும் தம் துணைவர்களுடன் பல ஆண்டுகள் தேடி, 2006 இல் அதனைக் கண்டறிந்தனர். மனிதரின் பரம்பரைச் செய்தி ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களாலான பெருநூல் எனலாம். அதில் இரண்டாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகில், ஓர் எழுத்து மாறியிருக்கின்றது. அதன் விளைவாக 509 அமினோவமிலங்கள் கோத்த ஒரு புரதத்தில், 206 ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் வந்தமர்கின்றது. அவ்வளவே. அப்புரதம், யூரிஸ்ற் கண்ட ஏவலைக் கலத்தின் வாயிலில் நின்று ஏற்கும் வாங்கிகளுள் ஒன்று. வாயிற்காவலனின் செவியில் அணுவளவு பிழை நேர்ந்துவிட்டது.

அப்பிழையின் தன்மை 2015 இல் மேலும் விளங்கிற்று. உடலில் அக்ரிவின் ஏ என்றொரு புரதம் உண்டு. காயமும் அழற்சியும் நேரும்போது அது மிகுகின்றது. அதனை ஏற்கும் இயல்பான வாங்கி வாளாவிருக்கும்; எலும்பு விளையாது. திரிபுற்ற வாங்கியோ அதனையே, எலும்பு செய் என்னும் கட்டளையாகப் பிழைபடக் கொள்கின்றது. அமெரிக்காவிலும் ஜப்பானின் கியோட்டோ நகரிலும் நிகழ்ந்த ஆய்வுகள் இதனைக் காட்டின. ஒரு வீழ்ச்சியும் ஒரு காய்ச்சலும் ஓர் ஊசியும் கூட இந்நோயாளரிடத்தில் எலும்பை எழுப்புவது ஏன் என்பதும், எலும்பை வெட்டி நீக்கினால் அது இரட்டித்து வருவது ஏன் என்பதும் இதனால் விளங்குகின்றன. சத்திரசிகிச்சையாளரின் கத்தியும் ஒரு காயமே அன்றோ?

மருந்தின் வரலாறும் இப்பாடத்தையே புகட்டுகின்றது. பிளைஷ் கண்ட பைரோபொசுபேற்றை ஒத்த எற்றிட்ரோனேற்று என்னும் மருந்து, 1960 ஆம் ஆண்டுகளின் இறுதியிலிருந்து இந்நோயாளருக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. அது உப்புப் படிவதைத் தாமதப்படுத்திற்று. ஆயினும் எலும்புக்குரிய அச்சு முன்னரே தசைக்குள் அமைந்துவிட்டதனால், மருந்தை நிறுத்தியதும் உப்புப் படிந்தது. பேரளவிற் கொடுத்தபோது உடலின் நல்ல எலும்புகளும் மென்மையடைந்தன. கொங்கிறீற்று வண்டியை மறித்ததனால் வீடு கட்டும் கட்டளை நீங்கிவிடவில்லை. ஆகவே அறிஞர்கள் முன்னைய படிகளை நோக்கினர். விற்றமின் ஏ குடும்பத்தோடு உறவுடைய பலோவரோற்றீன் என்னும் மருந்து, கசியிழையம் அமையும் படியிலேயே தடுக்க முயல்கின்றது. அதனைக் கனடா 2022 இலும் ஐக்கிய அமெரிக்கா 2023 இலும் அனுமதித்தன. குழந்தைகளின் எலும்பு வளர்ச்சி முன்கூட்டியே நின்றுவிடும் அபாயம் உண்டாகையால், அமெரிக்காவில் எட்டு வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளைகளுக்கும் பத்து வயதுக்குக் குறைந்த ஆண்பிள்ளைகளுக்கும் அது அனுமதிக்கப்படவில்லை. விற்றமின் ஏ மாத்திரைகளை உட்கொள்வது இதற்கு ஈடாகாது என்பதையும் கூறிவைத்தல் நன்று.

மருந்து கிடைக்கும்வரை செய்யத்தக்கது ஒன்றுமில்லையோ எனின், உண்டு. அதுவே இப்பேச்சிற் கேட்போர் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி. 138 நோயாளரைக் கொண்டு 2005 இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களுள் நூற்றுக்கு 87 பேருக்கு முதலில் வேறு நோயென்றே கூறப்பட்டதைக் காட்டிற்று. புற்றுநோய் என்று கருதப்பட்டோர் பலர். நூற்றுக்கு 67 பேர், இழையத்தை வெட்டியெடுத்துச் சோதித்தல் போன்ற, செய்யத் தகாத செயல்களுக்கு ஆளாகினர். அதன் விளைவாக ஏறத்தாழ அரைவாசிப் பேர் தம் அசைவின் ஒரு பகுதியை நிரந்தரமாக இழந்தனர். நோயைப் போக்க விரும்பிய கைகளே, அறியாமையினால் நோயை வளர்த்துவிட்டன.

இத்தனைக்கும் இந்நோய் தன் அடையாளத்தைப் பிறப்பிலேயே காலில் எழுதிவைத்திருக்கின்றது. இக்குழந்தைகள் பெரும்பாலும் குறைவின்றிப் பிறந்தவர்களாகவே தோன்றுவார்கள். ஆனால் இரு பாதங்களிலும் பெருவிரல் குறுகி, ஏனைய விரல்களின் பக்கம் சாய்ந்திருக்கும். எலும்பு விளையுமுன் பல ஆண்டுகள் இவ்வடையாளம் கண்ணுக்குத் தெரிந்தே இருக்கின்றது. பின்னர், பெரும்பாலும் பத்து வயதுக்குள், கழுத்திலோ முதுகிலோ தோளிலோ வலியோடு கூடிய வீக்கம் எழும். பெருவிரலின் இக்குறையும் இத்தகைய வீக்கமும் ஒரே பிள்ளையிடம் காணப்படின், வீக்கத்தைக் கீறவோ, வெட்டிச் சோதிக்கவோ, தசையில் ஊசி ஏற்றவோ முன், இந்நோயை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பரம்பரையலகுச் சோதனை ஒன்றுக்குச் சிறிது இரத்தம் போதும். பெருவிரல் வளைந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இந்நோய் உண்டென எவரும் அஞ்ச வேண்டியதில்லை. வளைந்த விரல்களுக்கு வேறு காரணங்கள் பலவுண்டு. இரண்டு அடையாளங்களும் சேரும்போதே ஐயுறல் தகும்.

குழந்தையை நீராட்டும் தாயும், பிறந்த சிசுவை முதலிற் கையிலேந்தும் மருத்துவிச்சியும், வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் நடையை நாள்தோறும் காணும் ஆசிரியரும் இதனை அறிந்திருத்தல் நன்று. தாம் கண்டதை வைத்தியருக்கு எடுத்துச் சொல்ல அவர்கள் தயங்கலாகாது. சொல்லப்படும் ஒரு வார்த்தை, ஒரு பிள்ளையின் தோளை இன்னும் பல ஆண்டுகள் அசைய வைக்கக்கூடும்.

மற்றொன்றும் கூறவேண்டும். இவ்வெழுத்துப் பிழை பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதன்று. பிள்ளையிடத்தே புதிதாக நேர்வது. தாய் உண்ட உணவாலோ, செய்த வேலையாலோ, முன்னோர் பெற்ற சாபத்தாலோ விளைந்ததன்று. இப்பிள்ளைகளின் அறிவுக்கும் யாதொரு குறையுமில்லை. விழாதபடி காத்து, நெரிசலில் தள்ளுப்படாதபடி ஓரிடம் ஒதுக்கி, ஏனைய பிள்ளைகளோடு அவர்களைக் கற்கச் செய்தல் கூடும். அவ்வாறு ஒரு பிள்ளை வகுப்பறைக்கு வருமாயின், அதற்குக் கதவருகே ஓர் ஆசனமும், புத்தகப் பையைத் தூக்கிச் செல்ல ஒரு தோழனும் வேண்டும். அவை எந்தப் பாடசாலையிலும் கிடைப்பனவே.